சீட்டுக்குப் போட்ட ஜாக்கெட்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் எஸ்டேட் பாதையில் நின்றால் இலவசமாக ஒரு வேடிக்கை பார்க்கலாம். மலைக்குக் கீழே இருக்கும் ஈப்போ டவுனிலிருந்து உறுமிக்கொண்டு மலையேறி வரும் ஸ்போர்ட்ஸ் கார்கள், எங்கள் பாதையின் குண்டு குழிகளைக் கண்டதும் பெட்டிப்பாம்பாய் அடங்கிவிடும். ஒவ்வொரு மேட்டிலும் கோணலாகத் திரும்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்கும். அடிப்பாகம் எங்கே உரசிவிடுமோ என்று ஓட்டுகிறவர் பல்லைக் கடித்துக்கொண்டு வருவதைப் பார்க்கவே எங்கள் லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் துணி காயப்போடும் சாக்கில் வெளியே வருவார்கள். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லோரியே முக்கிக்கொண்டு ஏறும் பாதை அது.

அவ்வளவு பாடுபட்டு அவர்கள் வருவது என் தங்கையைப் பார்க்க. லயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய லோரிக் கொட்டகையில் அவள் கார்களுக்கு சீட் தைக்கிறாள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்வது வழக்கம். நான் பெருமைக்குத்தான் சொல்கிறேன். அவளைப் போல் தைக்க இந்த மலையில் ஆள் இல்லை.

ஈப்போவில் தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் குஷன் கடையில் பல வருடம் வேலை பார்த்தவள் அவள். கல்யாணம் நிலைக்கவில்லை. கையில் ஒரு பெண் குழந்தை. கடைக்கு மேலே நாலு பேரோடு பங்கு போட்ட அறையில் பிள்ளையை வளர்க்க முடியாது என்று என்னிடம் விட்டிருந்தாள். மாதக் கடைசியில் பஸ் பிடித்து வருவாள். திரும்பும்போது பிள்ளை தூங்கும் நேரமாகப் பார்த்துக் கிளம்புவாள். பிள்ளை எழுந்து கேட்டால், வேலைக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று நான் சொல்வேன். எத்தனை நாளைக்குத்தான் அதை நம்பும்? வளர வளர அது என்னைப் பெரியம்மா என்றும், பெற்றவளை ‘ஈப்போ அம்மா’ என்றும் கூப்பிட ஆரம்பித்தது. ஒரு தடவை அது தங்கையின் காதிலேயே விழுந்தது. அடுத்த மாதமே தவுக்கேயிடம் சொல்லிக்கொண்டு, ஒரு பழைய தையல் மெஷினோடும் ஒரு பெரிய பையோடும் மலையேறி வந்துவிட்டாள்.

அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளே தைத்தது. நொறுங்கிப்போன கார்களிலிருந்து கழற்றிய சீட் பெல்ட் பட்டைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கித் தைத்த கறுப்புப் பை, யானை இழுத்தாலும் கிழியாது. வந்த அன்று அதிலிருந்து பாதித் துணிகளை எடுத்து மடித்து வைத்தாள். மீதியோடு பையைத் தூக்கி என் அலமாரி மேலே வைத்தாள். அந்த மீதி வெளியே வரவே இல்லை. பிள்ளை பள்ளி விட்டு வந்ததும் காலில் போட்ட சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னால் அலமாரி மேலே ஒரு பார்வை பார்க்கும். பை இருந்தால் சட்டை மாற்றப் போகும். பையை எடுத்து உள்ளே வையேன்டி என்று தங்கையிடம் எத்தனையோ தடவை சொல்ல நினைத்து, அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிடுவேன்.

லோரிக் கொட்டகை சும்மா கிடந்தது. மானேஜரிடம் கேட்டு வாங்கித் தந்தது என் வீட்டுக்காரர். எங்கள் பெரிசுகளுக்கு மானேஜர் இன்னும் துரைதான். துரை கொட்டகையைக் கொடுத்துவிட்டார் என்று லயம் முழுக்க ஏதோ பட்டயம் எழுதிக் கொடுத்த மாதிரிப் பேசிக்கொண்டார்கள்.

முதலில் வந்தவை எல்லாம் பக்கத்துக் கியா பார்ம், கோலா தெர்லா காய்கறித் தோட்டக்காரர்களின் லேண்ட்ரோவர்கள். மழையிலும் உரத்திலும் கோஸ் கூடைகளின் ஈரத்திலும் ஊறிப்போன சீட்டுகள். ஸ்பாஞ்சைப் பிய்த்தால் காளான் முளைத்திருக்கும். அவற்றையும் அவள் ஏனோதானோ என்று செய்ததில்லை. எங்கள் பனியில் பசை சீக்கிரம் காயாது என்று, தலைமுடி உலர்த்தும் மெஷினைப் பிடித்துக்கொண்டு பிள்ளைக்குத் தலை துவட்டுவதுபோல் சீட்டுக்குத் துவட்டுவாள். ஆனால் தோட்டக்காரர்கள் அவசரப்படுகிற ஜாதி இல்லை. சீட்டு கிழிந்தால் கோணியைப் போட்டு உட்கார்ந்து இன்னும் சில வருடம் ஓட்டுவார்கள். அதை நம்பி அடுப்பெரியாது. இடையில் தவுக்கே போன் செய்தபடியே இருந்தார். அவள் உட்கார்ந்த மெஷினில் இன்னும் வேறு ஆளைப் போடவில்லை, எத்தனை நாள் அப்படி வைத்திருப்பது என்று கேட்பார். நல்ல மனுஷன். அதனால்தான் எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வரும்.

அப்போதுதான் ஒரு டயர் கடைக்காரர் வந்தார். ஈப்போவில் கடை. இரண்டே சீட் உள்ள ஜப்பான் கார், எங்கள் பேச்சில் காடி, ஒன்று வைத்திருந்தார். ஞாயிறானால் கூட்டாளிகளோடு வரிசையாக மலையேறி, மேலே பிரிஞ்சாங் டவுனில் சாப்பிட்டுவிட்டு இறங்குவது அவருக்குப் பொழுதுபோக்கு. பழைய கடையில் என் தங்கையின் தையலைப் பார்த்தவர், அவள் இங்கே வந்துவிட்டதைக் கேள்விப்பட்டுத் தேடி வந்தார். இரண்டு சீட்டையும் எலும்புவரை கழற்றிப் புதிதாகச் செய்ய வேண்டும், வளைவில் திரும்பும்போது உடம்பை அள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார். நன்றாக வந்தால் கூட்டாளிகள் எல்லாரும் கொண்டுவருவார்களாம். நன்றாக வராவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அதை என் தங்கை அன்றைக்குச் சமையல்கட்டில் வந்து சொன்னாள்.

“இந்தக் காடி சரியா வரலன்னா நான் தவுக்கேகிட்டயே போயிடறேன்கா. வெறும் லேண்ட்ரோவர வச்சிக்கிட்டு பொழைக்க முடியாது. பிள்ள ஒங்கிட்டயே இருக்கட்டும்.”

வாயைக் கழுவு என்றேன்.

அவள் அளவெடுக்கும் விதம் ஒன்று உண்டு. அளவு நாடாவை அவள் அதிகம் நம்புவதில்லை. ஆள் நிற்கும்போது ஒரு உடம்பு, உட்கார்ந்தால் வேறு உடம்பு, வண்டி ஓட்டும்போது மூன்றாவது உடம்பு என்பாள். நான் வேலை செய்யும் தேயிலைத் தொழிற்சாலையில், தூளைச் சலித்த பிறகு நாரும் தூசுமாக ஒரு கழிவு மிஞ்சும். அதில் கொஞ்சம் கேட்டு வாங்கி வரச் சொல்வாள். லேசாகத் தண்ணீர் தெளித்து, மெல்லிய துணிப்பையில் நிரப்பி, உரித்த சீட்டின் வெறும் கூட்டுக்குள் அதைப் பரப்பி, ஆளை அதன்மேல் உட்காரச் சொல்வாள். ஸ்டியரிங்கைப் பிடி, காலை நீட்டு, திரும்பிப் பார் என்று ஓட்டுகிற மாதிரியே ஆட்டுவிப்பாள். கையில் ஒரு குவளைத் தேநீரைக் கொடுத்து, குடித்து முடிக்கிறவரை எழுந்திருக்கக் கூடாது என்பாள். எழுந்த பிறகு பார்த்தால், முதுகின் வளைவு, தொடையின் பாரம், ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும் பழக்கம் எல்லாம் அந்த ஈரத் தேயிலையில் பதிந்திருக்கும். சிறுபிள்ளை களிமண்ணில் கைவைத்த மாதிரி. அந்தப் பள்ளத்தைப் பார்த்துப் பார்த்து ஸ்பாஞ்சை அறுப்பாள். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தேயிலைத் தூசில் உட்கார்ந்து எழுந்த என் பின்பக்கத்தைப் பார்த்துச் சிரித்தபோது தோன்றிய யோசனை அது. எப்படியோ, தொழிலுக்கு நானும் ஒத்தாசை செய்திருக்கிறேன்.

டயர் கடைக்காரர் அளவு கொடுக்க வந்த காலையில் மலையே தெரியாத பனி. மனுஷன் மெல்லிய டீசட்டையோடு வந்து வெடவெடவென்று நடுங்கினார். கீழே இருந்து வருகிற யாரையும் நாங்கள் அப்படி நிற்கவிட மாட்டோம். தேநீர்கூட அப்புறம்தான், முதலில் கம்பளி. அது எங்கள் பழக்கம். என் வீட்டுக்காரர் கோலா தெர்லாவிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவர். தன்னுடைய மொத்தமான பஞ்சு ஜாக்கெட்டைக் கழற்றி, போட்டுக்கொள்ளுங்கள், அடுத்த தடவை வரும்போது கொடுத்தால் போதும் என்று சொல்லி அவர் தோளில் மாட்டிவிட்டார். டயர் கடைக்காரர் நன்றி சொல்லி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, தேயிலைப் பையில் உட்கார்ந்தார். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. ஈப்போக் கடைக்கு யாரும் ஜாக்கெட்டோடு வந்ததில்லை. எங்கள் மலையில் யாரும் ஜாக்கெட் இல்லாமல் அளவுக்கு உட்கார்ந்ததில்லை.

அந்தச் சீட்டுகளை அவள் செய்ததை நான் தினமும் வேலை முடிந்து வந்து பார்த்தேன். சாம்பல் நிறத் தோல், கடுகு நிறத்தில் இரட்டைத் தையல். தேயிலை இலைப் படம் ஏதாவது போடலாமா என்று அவர் கேட்டதற்கு, படம் வேண்டுமென்றால் டீ டப்பாவிலேயே உட்காருங்கள் என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பதிலாக முதுகுப் பக்கம் வளைந்து வளைந்து தையல் வரிகளை ஓட்டினாள். நம்ம மலைச்சரிவில் தேயிலை வரிசை வளைந்து போவதுபோல் இருக்கிறதே என்றேன். அப்படியெல்லாம் இல்லை, நேர்கோடு போட்டால் ஆள் உட்கார்ந்ததும் சுருங்கும், அதனால்தான் என்றாள். நான் நம்பவில்லை. தோலைக் கொதிக்கும் கெண்டியின் ஆவியில் காட்டி, இளகின கணத்தில் இழுத்து, மூலையில் ஒரு மடிப்பு விழாமல் அவள் ஒட்டும்போது நான் மூச்சுவிட மறந்துபோவேன். கோபக்காரி நான், லேசில் யாரையும் மெச்சுகிறவள் இல்லை. அவள் கைகளைப் பார்த்தால் மட்டும் சமையலை விட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடுவேன்.

வண்டியை எடுக்க வந்த டயர் கடைக்காரர் ஜாக்கெட்டோடு அதில் உட்கார்ந்தார், கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார், போய்விட்டார். சாயங்காலமே போன் வந்தது. சீட்டு உடம்பைப் பிடிக்கவில்லை, வளைவில் திரும்பினால் உள்ளே ஆடுகிறேன் என்றார்.

அவள் முகம் விழுந்துவிட்டது. ஸ்பாஞ்ச் அமுங்கிவிட்டதோ, பசை விட்டுவிட்டதோ என்று அவரை மறுபடி வரச் சொன்னாள். அடுத்த ஞாயிறு வந்தார். குளிருக்கு அதே ஜாக்கெட். உட்கார்ந்து பார்த்தார். கச்சிதமாக இருந்தது. இடமும் வலமும் குலுக்கினார், அசையவில்லை. எஸ்டேட் பாதையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார், அப்போதும் ஆடவில்லை. அசடு வழிய மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கிப் போனார். ஈப்போ சேர்ந்ததும் மறுபடி போன். மறுபடி ஆடுகிறதாம்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், உட்காரத் தெரியாதவன் சீட்டு கோணல் என்கிறான், அந்த ஆளுக்கு வேண்டுமென்றே குறை சொல்கிற புத்தி என்று கத்தினேன். தங்கை கத்தவில்லை. அவர் கூட்டாளிகளிடமும் சொல்லியிருப்பார் என்று மட்டும் சொன்னாள். அந்த வாரம்தான் தவுக்கேயும் கடைசியாகக் கேட்டார். மாதம் முடிந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றாராம். யோசித்துச் சொல்கிறேன் என்றாளே தவிர, வரமாட்டேன் என்று சொல்லவில்லை. பிள்ளை பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. பென்சில் நின்றுபோனதை நான் பார்த்தேன்.

வண்டி இங்கே வந்தால் நோய் தெரிவதில்லை, அங்கேயே போய்ப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தாள். விடியும் முன்னே என் வீட்டுக்காரரின் லோரி கிளம்பும். சாமான்களைக் கொண்டுபோக வேறு பை இல்லை. அலமாரி மேலே இருந்ததை இறக்கி, துணிகளைக் கட்டிலடியில் தள்ளிவிட்டு, கத்தி, ஊசி, மிஞ்சின தோல், ஸ்பாஞ்ச் துண்டுகள், ஒரு பை தேயிலைக் கழிவு எல்லாவற்றையும் திணித்தாள். பிள்ளையை எழுப்பிச் சொல்லிவிட்டுப் போ என்றேன். பாவம், தூங்கட்டும் என்றாள்.

ஈப்போவில் நடந்தது என் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டயர் கடை வாசலில் இவர்கள் போய் இறங்கியபோது மனுஷன் வெயிலில், வியர்வையில் நனைந்த மெல்லிய பனியனோடு சக்கரம் கழற்றிக்கொண்டிருந்தாராம். என் தங்கை பையைத் தோளில் மாட்டியபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். அப்புறம் கேட்டாளாம்.

“அண்ணே, எங்க மாமாவோட ஜாக்கெட் எங்க?”

“காடியிலதான் கெடக்கு. பாதி எறக்கத்துலயே கழட்டிடுவேன். இந்த வெயில்ல அத யாரு போடுவா லா?”

அவள் அடுக்கி வைத்திருந்த டயர்மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாளாம். பிறகு அந்த வெயிலில் அவரை ஜாக்கெட்டை மாட்டவைத்து, காரில் உட்காரவைத்தாள். கச்சிதம். கழற்றிவிட்டு உட்காரச் சொன்னாள். இரண்டு பக்கமும் விரல் நுழைய இடம். தப்பு என்னுடையதுதான் அண்ணே, உங்களை அளக்கச் சொன்னால் ஜாக்கெட்டையும் சேர்த்து அளந்துவிட்டேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். சரி, உள்ளே ஸ்பாஞ்சைக் கூட்டிவிடு என்று அவர் சொன்னதற்கு மாட்டேன் என்றாளாம். கூட்டினால் ஈப்போவில் சரியாக இருக்கும், மலைக்கு வந்து ஜாக்கெட் போட்டால் உள்ளே நுழைய முடியாது. மலையேறத்தானே இந்தக் கார்?

“மேல ஜாக்கெட்ட நீங்க போடுங்க. கீழ வந்தா அத சீட்டுக்குப் போடுவோம்.”

ஜாக்கெட்டின் தடிமனுக்கு அதே தோலில் ஒரு மெத்தை, முதுகுக்கும் இரண்டு விலாவுக்குமாக. ஈப்போவில் மாட்டிக்கொள்ளலாம், மலையில் கழற்றிப் பின்னால் போட்டுவிடலாம். அதுதான் அவள் யோசனை. அந்த இடத்திலேயே தேயிலைப் பையைப் பரப்பி, பனியனோடு அவரை உட்காரவைத்து அளவெடுத்தாள். தைக்க மெஷின் வேண்டும். நேரே தவுக்கே கடைக்குப் போனாள்.

தோளில் அந்தப் பெரிய பையைப் பார்த்ததும் தவுக்கே ஒன்றும் கேட்காமல் எழுந்து போய், மூலையில் அவளுடைய பழைய மெஷின்மேல் கிடந்த துணியை உருவினாராம். தூசி தட்டி, நாற்காலியையும் இழுத்துப் போட்டாராம். அதைப் பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது என்றார் என் வீட்டுக்காரர். தங்கை உட்கார்ந்தாள். மெத்தையைத் தைத்தாள். சீட்டோடு இழுத்துக் கட்டப் பட்டை வேண்டும், வளைவில் ஓர் ஆளின் கனத்தைத் தாங்குகிற பட்டை. கடையில் இருந்தவை எல்லாம் சோபாவுக்கு உள்ள பட்டைகள். இழுத்துப் பார்த்துத் தள்ளிவைத்தாள். பிறகு பையில் இருந்த சாமான்களைத் தரையில் கொட்டி, கத்தியை எடுத்து, பையின் தையலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கீறிக்கொண்டே போனாள். பட்டை பட்டையாகக் கழன்று விழுந்தது. இனி அவள் வரமாட்டாள் என்பது தவுக்கேக்கு அப்போதே தெரிந்திருக்கும். தைத்து முடித்த பட்டையை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, “குவாட்” என்றாராம். மலாயில் பலம் என்று அர்த்தம். கிளம்பும்போது சாமான் போட்டுக்கொள்ள ஓர் அரிசி மூட்டைச் சாக்கையும் கொடுத்தார். நான் அந்த மனுஷனைத் திட்டியதை எல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

டயர் கடைக்காரர் மெத்தையைக் கட்டிக்கொண்டு மலையடிவாரம்வரை ஓட்டிப் பார்த்து வந்தார். கூட்டாளிகளுக்கு அங்கிருந்தே போன் போட்டார். அடுத்த ஞாயிறு நான்கு கார்கள் எங்கள் பாதையில் ஊர்ந்து வந்ததும், அன்றிலிருந்து ஸ்போர்ட்ஸ் கார் எதற்கும் அவள் இந்த இரண்டாவது மெத்தை இல்லாமல் சீட் செய்வதில்லை என்பதும் பிறகு நடந்தவை.

ஆனால் அன்றைக்கு இங்கே மலையில் எங்களுக்கு இது எதுவும் தெரியாது. பிள்ளை எழுந்ததும் அலமாரி மேலே பார்த்தது. பை இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு கட்டம் மட்டும் இருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தது. வேலைக்குப் போயிருக்கிறாள், சாயங்காலம் வந்துவிடுவாள் என்றேன். இதற்கு முன்னாலும் நான் அதைத்தானே சொல்லியிருக்கிறேன்? அது அழவில்லை. அழுதிருந்தால் சமாதானமாவது செய்திருப்பேன். பள்ளிக்குப் போய்விட்டு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டது. மத்தியானத்துக்குப் போட்ட சோறு தட்டிலேயே காய்ந்தது. தங்கைக்குப் போன் செய்தேன், மணி அடித்து அடித்து நின்றது. மெஷின் சத்தத்தில் கேட்டிருக்காது. அப்போது அது எனக்குத் தெரியாதே. துணிகள் இங்கே கிடந்தும், அங்கேயே தங்கிவிட்டாள் என்றே நானும் நினைத்துவிட்டேன்.

பனி இறங்கும் நேரத்தில் லோரி சத்தம் கேட்டது. பிள்ளை எழுந்து நின்றது, ஆனால் ஓடவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு பக்கம் இறங்கினார். மறுபக்கத்திலிருந்து தங்கை, தோளில் ஓர் அரிசிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். பிள்ளை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சாக்கையே பார்த்தது.

“அம்மா, பேக்கு எங்க?”

ஈப்போவை விட்டுவிட்டு வெறும் அம்மா என்று அது கூப்பிட்டதை நான் கவனித்தேன். தங்கையும் கவனித்தாள். சாக்கை அப்படியே கீழே வைத்தாள்.

“வெட்டிட்டேன். அந்த அண்ணனோட சீட்டுக்கு பட்ட வேண்டியிருந்திச்சு.”

“முழுசா வெட்டிட்டியா?”

“முழுசா. ஜிப்பு மட்டும்தான் மிச்சம்.”

பிள்ளை சாக்குக்குள் கையைவிட்டுத் துழாவி, அந்த ஜிப்பைத் தேடி எடுத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தது. பிறகு உட்கார்ந்து, சப்பாத்தின் கயிறுகளை அவிழ்த்தது. பெரியம்மா, சோறு கொடு என்றது. ஆறிக் காய்ந்துவிட்டது, சுட வைத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம், அப்படியே கொடு என்றது.